சோர்வும் சோம்பலும்

நம்மவருள் ஒருவர் பகற்பொழுதிற் படுத்திருப்பாராயின், அவருக்கு என்ன நோயென்று கேட்பவர் சிலரே. சோம்பேறியென்று ஏசுபவரோ பலர். விடியுமுன் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைக் கங்காணி அச்சொல்லாலேயே அழைத்தான். கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. அவன் வசைமொழியோ இன்றும் நம் இல்லங்களில் நின்று நிலவுகிறது.

யான் வட்டாரத்தில், ஜெராய் மலையடியில் நாமறிந்த மாது ஒருவர் உண்டு. முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். பகலுணவு முடிந்ததும் எழ மாட்டாமற் கிடப்பார். மருமகள் முணுமுணுத்தாள், அண்டை வீட்டார் கண்ணேறு என்றனர், கழுத்தில் தாயத்து ஏறிற்று. அசதி தீர டின்பால் கலந்த தேநீர் நாளொன்றுக்கு நான்கு முறை அருந்தினார். கால்விரற் புண் ஆறாது போன பின்னரே அவருடைய இரத்தம் சோதிக்கப்பட்டது. நோய் நீரிழிவு!

இதன் காரணத்தை நாம் அறிதல் வேண்டும். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்திற் கலக்கிறது. அதனைத் தசைகளுள் புகச்செய்வது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்கு இணங்குவதில்லை. நாளடைவிற் கணையமும் அதனைக் குறைவாகவே சுரக்கிறது. எனவே இரத்தத்திற் சர்க்கரை மிகுந்திருக்க, தசைகள் பட்டினி கிடக்கின்றன. மிகுந்த சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராய் வெளியேறுவதால் உடல் வறள்கிறது. இரவில் உறக்கமும் கெடுகிறது. இந்நிலையில் இனிப்புத் தேநீர் அருந்துவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதேயாகும்.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இந்தியருள் மட்டும் அத்தொகை 31.4. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! இத்தனை பேரும் சோம்பேறிகளோ? ஏச்சுக்கு அஞ்சி அசதியை மறைப்பவர் நோயையும் சேர்த்தே மறைக்கிறார். கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடுவதற்கு அம்மறைப்பு வழிகோலுகிறது.

சர்க்கரை கட்டுக்குள் வருமாயின் பலருக்குச் சோர்வு குறையும். ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை அதற்கு அளவுகோல். ஆயினும், கணக்கு நன்றாயிருந்தும் சோர்வு நீங்காதாரும் உளர். அவர்கள் மருந்தின்மேற் பழிபோட்டு அதனை நிறுத்துதல் தகாது. சில மாத்திரைகளை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் உண்டாகும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்வோரிற் சிலருக்கு பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறையலாம். இரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், மனத்துயர் ஆகியவையும் சோர்வைத் தரும். ஆதலால் "அசதியாயிருக்கிறது" என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். அவ்வொரு சொல்லைக் கேட்டே அவர் காரணத்தைத் தேட இயலும்.

அரசாங்கச் சுகாதார நிலையத்திற் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தாயத்துக்குக் கொடுப்பது அதனினும் பன்மடங்கு. தோழர்களே! இனி நம் வீட்டில் ஒருவர் களைத்துப் படுத்தால், ஏசுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரத்தம் சோதித்தாயிற்றா?" இல்லையென்று விடை வருமாயின், அவருடன் நீங்களும் புறப்படுங்கள்.