பாண்டி பஜாரைத் தாண்டினால்

சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது, "காரை எங்கே நிறுத்துவது? வியாபாரம் படுத்துடும்" என்று புலம்பியவர்கள் உண்டு. 2019இல் திறந்தார்கள். இப்போது சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

அங்கிருந்து ஏதாவது குறுக்குத் தெருவுக்குள் திரும்பிப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு பிளாட்பாரம். அதன்மேல் ஈபி பெட்டி, அதை ஒட்டி ஒரு புல்லட். மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார்? ரோட்டில் இறங்கித்தான் நடப்பார். நடைபாதை விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக்கூடாது, தடையில்லாமல் 1.8 மீட்டராவது அகலம் வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி. சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களுக்கென்று 2014லேயே கொள்கை வகுத்தது. காகிதத்தில் நாம் என்றைக்குக் குறை வைத்தோம்!

வண்டிகள் கதை தனி. காருக்கு முன்னால் மாட்டும் இரும்பு 'புல் பார்' நடப்பவரின் உடம்பில் அடியை அப்படியே இறக்கும். 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை செய்தது. இன்றும் அதை மாட்டிக்கொண்டு வண்டிகள் ஓடுகின்றன, யாரும் கேட்பதில்லை.

2022இல் மட்டும் நாட்டில் வண்டி மோதிச் செத்த பாதசாரிகள் 32,000க்கும் மேல். இதற்குப் பிறகும் "பார்த்து நடக்கணும்" என்று அவர்களுக்கே புத்தி சொல்கிறோம்.

அடுத்த முறை கவுன்சிலர் தெருவுக்கு வந்தால் நான் கேட்கப்போவது இதுதான்: பள்ளிக்கூட வாசலில் ஜீப்ரா கிராசிங்கை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள், அங்கே வேகம் 30ஐத் தாண்டக்கூடாது. போர்டு மட்டும் வேண்டாம் சார்.