புகை படிந்த கூரை

உமையாக்கள் பற்றிப் படிப்பிக்கும்போது திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலையும் ஸ்பெயின் வெற்றியையும் சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். குஸைர் அம்ராவைச் சொல்வதில்லை. நான் சொல்வதுண்டு.

யோர்தானில், அம்மானுக்குக் கிழக்கே சுமார் 85 கிலோமீற்றர் தூரத்தில், பாலைவன ஓடையொன்றின் ஓரமாக நிற்கும் சிறு கட்டிடம் அது. ஒரு மண்டபம், அதையொட்டிக் குளியலறைகள், ஒரு கிணறு. வலீத் பின் யஸீத் கலீபாவாகுமுன், வேட்டைக்கும் உல்லாசத்துக்குமாகக் கட்டுவித்தது. சுவரில் காட்டுக்கழுதைகள் வலைக்குள் விரட்டப்படுகின்றன. கைஸர், கிஸ்ரா, நஜ்ஜாஷி, ஸ்பெயினின் ரொட்ரிக் உட்பட ஆறு மன்னர்கள் வரிசையாக நிற்கின்றனர். வெந்நீர் அறையின் குவிமாடத்தில் இராசி மண்டலம். குளிக்கும் பெண்களும் உண்டு.

"இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன காணப்போறீங்க, சேர்?" என்று எங்கள் மௌலவி ஆசிரியர் ஒருமுறை கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வலீதின் ஆட்டபாட்டங்களை நமது பழைய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அப்பாஸியர் காலத்து எழுத்து என்று அதில் கொஞ்சம் கழித்துவிடலாம். சுவரை எப்படிக் கழிப்பது? அதே மண்டபக் கூரையில் கல் கொத்துபவன், தச்சன், கொல்லன் என்று வேலையாட்களையும் கட்டங்கட்டமாக வரைந்திருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது அந்தப் படங்களைத்தான்.

743இல் வலீத் கலீபாவானார். 744இல் கொல்லப்பட்டார். காலப்போக்கில் மண்டபம் மேய்ப்பர்களின் ஒதுங்குமிடமாயிற்று. உள்ளேயே தீ மூட்டினார்கள். மன்னர்களின் முகத்தில் புகை படிந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இளவரசரைவிட அந்தக் கூரை அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும்.

1898இல் அதைக் கண்ட அலோயிஸ் முஸில், 1901இல் மீலிக் என்ற ஓவியரோடு திரும்பவும் போனார். உலகம் அறியச் செய்தவர்கள் அவர்கள். ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்க்கப்போய்ப் பழுதாக்கியவர்களும் அவர்களே. ஒரு துண்டு இப்போது பெர்லின் நூதனசாலையில் இருக்கிறது. மேய்ப்பரின் புகையையாவது துடைக்கலாம்.

1985இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வேட்டை மண்டபம் பார்வையாளருக்கானதாயிற்று. 2012இல் சுவரைச் சுத்தம் செய்தபோது சாளரமொன்றின் மேலே எழுத்துகள் வெளிப்பட்டன. வலீத் பின் யஸீத் என்ற பெயர். கலீபா என்ற பட்டம் அதில் இல்லை. அவரைச் சீராக்கிவிடும்படி அல்லாஹ்விடம் கேட்கும் ஒரு துஆ அது.