மெஷின் படிப்பு

"பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு மெஷின் படிப்பு?" என்று உம்மா அழுதார்.

வாப்பா இறம்பொடைத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். அவருக்குச் சோறு கொண்டுபோன நாட்களில், கொழுந்தரைக்கும் ரோலரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆசை அங்கேதான் பிறந்தது. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு வந்தேன்.

இது கிரீஸ் பூசும் வேலை மட்டுமல்ல, தங்கைகளே. நம் அருவித் தண்ணீர் போய்ச் சேரும் கொத்மலையில், 1985 இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தின் மூன்று சுழலிகள் 201 மெகாவாட் வரை மின்சாரம் தருகின்றன. அத்தகைய சுழலியையும், கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்தையும், ஆஸ்பத்திரியின் குளிரூட்டியையும் வடிவமைப்பதும் பராமரிப்பதும் இந்தப் படிப்புக்குரிய தொழில்கள்.

போன விடுமுறையில் உம்மாவின் தையல் மெஷின் நின்றுவிட்டது. கழற்றிச் சரிசெய்தேன். உம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மாமியின் மெஷினும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.