பினாங்கில் ஒரு பகல்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் மலேசியாவில் பயில 2019-ஆம் ஆண்டில் நாங்கள் எண்மர் சென்றிருந்தோம். படிப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதை ஊரிலேயே படித்திருக்கலாம். எழுத வேண்டியது, புறப்படுவதற்கு முந்திய வாரம் பினாங்குத் தீவைக் காணச் சென்ற ஒரு பகலைப் பற்றித்தான்.

விடிந்ததும் பட்டர்வொர்த் துறையை அடைந்தோம். தீவுக்குச் செல்ல 1985-இல் திறந்த 13.5 கிலோ மீட்டர் பாலம் உண்டு. ஆயினும் படகில் போவதே முறை என்று உடன் வந்த மலாய்த் தோழரும் சீனத் தோழரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்.

படகில் எங்கள் நாகூர்த் தோழர் மட்டும் பேசாது நின்றார். அவர் சட்டைப் பையில் பாட்டியார் கொடுத்தனுப்பிய துண்டுக் காகிதம் ஒன்று இருந்தது. பாட்டனார் 1957-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறிப் பினாங்குக்குச் சபர் வந்தவர். சூலியா வீதிக் கடையொன்றில் கணக்கெழுதியவர். மூன்றாண்டுகள் பணமும் கடிதமும் வந்தன. நான்காம் ஆண்டு மவுத்துச் செய்தி வந்தது. அடக்கிய மையவாடியின் பெயரையும், தலைமாட்டுக் கல்லில் பெயர் பொறித்திருப்பதையும் கடைக்காரர் எழுதியிருந்தார். வீட்டார் எவரும் அந்தக் கபுரைக் கண்டதில்லை. "அங்கே நின்று ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வா. எனக்கு வேறொன்றும் வாங்கி வர வேண்டாம்" என்று பாட்டியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

"முதலில் அங்கே போய்விடலாமே" என்றார் தோழர். "வெயில் ஏறிவிட்டால் மலையில் மூடுபனி இராது. கபுர் எங்கே போய்விடப் போகிறது?" என்றார் எங்களுள் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பினாங்கு மலை ரயில் 1923-இல் திறக்கப்பட்டது. இரும்பு வடத்தால் இழுக்கப்படுவது. முன்பெல்லாம் நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டும். 2011 முதல் ஒரே வண்டி நேரே மேலே கொண்டு சேர்க்கிறது. உச்சியிலிருந்து நோக்கினால் நகரம் ஓட்டுக்கூரைகளாய்ச் சிதறிக் கிடக்க, கடலின் மேல் பாலம் ஒரு நூலிழையாய்த் தெரிந்தது. கண்களைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட கருங்குரங்குகள் மரக்கிளைகளில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடி அணிந்த விடுதிக் காப்பாளரைப் போல் எங்களைக் கண்காணித்தன.

நண்பகலில் நாசி காண்டார். நாசி என்றால் சோறு. காண்டார் என்றால் காவுதடி. நம்மவர் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவு, இன்று நாடு முழுதும் பெயர் பெற்றுவிட்டது. 'பஞ்சிர்' என்று கேட்டால் எல்லாக் குழம்பையும் ஒன்றாய் ஊற்றுகிறார்கள். மலாயில் அச்சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள், பொருத்தமான பெயர்தான். லுஹர் தொழுதபின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரை.

அங்கேதான் நேரம் போயிற்று. இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று அலைகளில் கிடந்தோம். நாகூர்த் தோழர் எங்கள் சட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக மணலில் அமர்ந்திருந்தார். இரு முறை கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். நாங்கள் கையசைத்தோம்.

திரும்பும் சாலையில் வாகன நெரிசல். கப்பித்தான் கெலிங் பள்ளியில் பிந்திய வேளையில் அஸர் தொழுதோம். இந்திய முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய பள்ளி அது. 'கெலிங்' என்பது இன்று நம்மவரை இழிக்கும் சொல்லாகிவிட்டாலும் பள்ளி அப்பெயரைப் பெருமையோடு தாங்கி நிற்கிறது. அருகே சூலியா வீதி. அதில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா. அதன் முன் தோழர் ஒரு கணம் நின்றார். காகிதத்திலிருந்த கதவிலக்கத்தில் இப்போது வெளிநாட்டுப் பயணியர் தங்கும் விடுதி இருந்தது. அக்கம்பக்கத்தில் அந்தக் கடையை அறிந்தவர் எவருமில்லை.

மையவாடிக்கு வாடகைக் காரில் விரைந்தோம். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவலாளர் சற்று முன்னர்தான் சென்றாராம். காலையில் வாருங்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்களுக்கோ அன்றிரவே பேருந்து; மறுநாள் தேர்வு; வார இறுதியில் விமானம். மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது. உள்ளே நூற்றுக்கணக்கான கற்கள் இருளில் மங்கிக்கொண்டிருந்தன. எக்கல் என்று அறியாமலே, கம்பியைப் பற்றிக்கொண்டு தோழர் ஓதினார். பின்னால் நின்று நாங்கள் ஆமீன் சொன்னோம். பேருந்தில் ஒருவரும் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் அவரைத் தனியே அனுப்ப மனமின்றி எல்லோரும் நாகூர் சென்றோம். பாட்டியார் பாயில் அமர்ந்திருந்தார். பேரன் நடந்ததை மறைக்கவில்லை. கதவு பூட்டியிருந்ததையும், வெளியே நின்று ஓதியதையும் சொன்னார். "ஏன் வாப்பா, நேரத்தோடு போகக் கூடாதா?" என்று கேட்டார் பாட்டியார்.

"நான்தான் நேரம் தவறிவிட்டேன்" என்றார் தோழர்.

பாட்டியார் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்துத் தேநீரும் பலகாரமும் கொண்டு வரச் சொன்னார். தட்டு எங்கள் நடுவில் வைக்கப்பட்டது. நெடுநேரம் வரையில் அதில் ஒருவரும் கை வைக்கவில்லை.