வனத்திடையே ஒரு பந்தாட்டத் திடல்

குருமட நாள்களில் வெறுங்காலால் பந்தை உதைத்துப் பெருவிரலை முறித்துக்கொண்ட அன்றே நமக்கும் கால்பந்தாட்டத்துக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. ஆதலின், 2019-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில், ஒப்புரவு அருட்சாதனப் பணியில் உதவுவதற்காகப் பெர்லின் மாநகரின் பங்கு ஒன்றில் தங்கியிருந்தபோது, அப்பங்கில் கணக்கெழுதும் முதியவர் ஒருவர், "23-ஆம் தேதி மாலை எங்களோடு பந்தாட்டத் திடலுக்கு வருகிறீர்களா, தந்தையே?" என்று அழைத்ததும் சற்றே தயங்கினோம். திருவிழா நெருங்கும் வேளையில் பந்தாட்டமா? நம் முகத்தைப் பார்த்தே மனத்தைப் படித்துவிட்ட அவர், "ஆட்டம் அன்று, பாட்டு" என்றார். புறப்பட்டோம்.

நகர இரயில் கிழக்கு நோக்கி ஓடியது. ஒரு காலத்தில் நெடுஞ்சுவரால் பிரிக்கப்பட்டுப் பொதுவுடைமை ஆட்சியில் இருந்த பகுதி அது. கோப்பெனிக் என்னும் நிலையத்தில் இறங்கினோம். ஸ்ப்ரே, டாமெ என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த பழைய ஊர். முதியவர் நம்மை முதலில் நகர்மன்றத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்று, அங்கு நிற்கும் சிலையொன்றைக் காட்டினார். 1906-ஆம் ஆண்டு வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி, இராணுவக் காப்டனின் உடுப்பை அணிந்துகொண்டு, வீதியில் எதிர்ப்பட்ட போர்வீரர்களைத் தன் பின்னே வரப் பணித்து, இம்மன்றத்துள் புகுந்து, நகரத் தலைவரையே கைது செய்து, பணத்தோடு மறைந்து போனானாம்! உடுப்பைக் கண்டால் பணியும் மக்களின் பேதைமையை எண்ணி உலகமே நகைத்தது. அங்கியணிந்த நாமும் உடன்சேர்ந்து நகைத்தோம். ஆனால் சற்று அடக்கமாகவே நகைத்தோம்.

அதே 1906-இல்தான், அருகிலுள்ள தொழிற்சாலைப் பகுதியான ஓபர்ஷோனவைடேயில், நாம் காணச் சென்ற கழகத்தின் முன்னோடிச் சங்கம் தோன்றியது. ஆடியவரும் இரும்புப் பட்டறைத் தொழிலாளர், பார்த்தவரும் அவர்தம் குடும்பத்தார். 'இரும்பு' என்னும் சொல்லே இன்றும் அவர்களுடைய முழக்கம். 1966-இல் யூனியன் பெர்லின் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அக்கால ஆட்சியில் காவல்துறையின் ஆதரவு பெற்ற மற்றொரு பெர்லின் கழகம் 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் வாகை சூடியது. யூனியனோ 1968-இல் ஒரேயொரு கோப்பையை வென்றதோடு சரி. தோற்பதற்குப் பழகிய கழகம் என்றே சொல்ல வேண்டும்.

நிலையத்திலிருந்து மரங்களுக்கிடையே நடந்தோம். கடுங்குளிர். நமக்கு முன்னும் பின்னும் குடும்பம் குடும்பமாக மக்கள். சிவப்பும் வெள்ளையுமான கழுத்துத் துண்டு அணிந்த பாட்டிமார், தோளில் குழந்தையைச் சுமந்த தந்தையர், கைகோத்து வரும் இளம் தம்பதியர்... பாளையங்கோட்டையிலோ வேளாங்கண்ணியிலோ திருவிழா நாளில் நடந்து வரும் கூட்டத்தின் அதே நடை. மரங்கள் விலகியதும் திடல் தோன்றியது. அதன் பெயரே 'பழைய வனக்காவலர் இல்லத்தருகே' என்று பொருள்படுவதாம். ஏறக்குறைய 22,000 பேர் கொள்ளும் அத்திடலில் நாற்காலிகள் நாலாயிரத்துக்கும் குறைவு. மற்றெல்லாம் நின்று பார்க்கும் படிக்கட்டுகள். தோளோடு தோள் உரசி நிற்பதையே அவர்கள் விரும்புகிறார்கள்.

இந்தப் பாட்டு மாலை பிறந்த கதையை முதியவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். 2003-ஆம் ஆண்டின் இறுதியில் கழகம் தோல்வி மேல் தோல்வி கண்டு தாழ்ந்து கிடந்தது. ஆண்டின் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் இரசிகர்கள் ஒருவருக்கொருவர் பண்டிகை வாழ்த்துக்கூடச் சொல்லாமல் தலைகவிழ்ந்து கலைந்து போயினர். அது சிலருக்கு உறுத்தியது. டிசம்பர் 23-ஆம் தேதி மாலை, எவருடைய அனுமதியுமின்றித் திடலுக்குள் புகுந்து, நடுக்கோட்டருகே கூடி, சூடான திராட்சை இரசம் அருந்தி, கிறிஸ்மஸ் கீதங்களைப் பாடினர். எண்ணிப் பார்த்தால் 89 பேர். அடுத்த ஆண்டு இன்னும் பலர் வந்தனர். விளம்பரத்தால் வளர்ந்ததன்று, வந்தவர் வராதவரை அழைத்து வந்ததால் வளர்ந்தது. நாம் சென்ற மாலையில் 28,500 பேர்! படிக்கட்டுகள் போதாமல் ஆடுகளத்தின் புல்தரையும் நிரம்பி வழிந்தது.

ஏழு மணிக்கு மின்விளக்குகள் தணிந்தன. ஆயிரமாயிரம் மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. பள்ளி மாணவரின் பாடகர் குழு தொடங்க, பாட்டுத் தாளைப் பிடித்தபடி அனைவரும் பாடினர். இடையிடையே கழகத்தின் முழக்கப் பாடல்களும் எழுந்தன. அவ்வேளைகளில் நாம் என்ன செய்வதென்றறியாது புன்னகைத்து நின்றோம். பின்னர் லூத்தரன் சபைப் போதகர் ஒருவர் பெத்லகேம் நிகழ்ச்சியை நற்செய்தியிலிருந்து வாசித்தார். அத்துணைப் பெருங்கூட்டமும் அமைதி காத்தது. 1818-இல் ஆஸ்திரியச் சிற்றூர் ஆலயமொன்றில் முதன்முதல் பாடப்பெற்ற 'அமைதி இரவு' பாடல் எழுந்தபோது நம் பக்கத்தில் நின்ற பருத்த உடலினர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்நகரின் கிழக்குப் பகுதியில் திருமுழுக்குப் பெற்றவரே சிறுபான்மையினர் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். எந்த ஆலய மணிக்கும் வராத மக்கள், இங்கே குளிரில் தொண்ணூறு நிமிடம் நிற்கிறார்கள். நமக்கு மகிழ்ச்சி ஒருபுறம்; உண்மையைச் சொன்னால், பொறாமை மறுபுறம்.

"இவர்களை எப்படி வரவழைத்தீர்கள்?" என்று கேட்டோம். முதியவர் விடை கூறாமல், திடலுக்கு வெளியே ஒரு நினைவுச் சின்னத்தின் முன் நம்மை நிறுத்தினார். தூணின்மேல் சிவப்பு நிறத் தலைக்கவசம். கட்டடத் தொழிலாளர் அணிவது. கீழே, உலோகத் தகடுகளில் நெருக்கமாகப் பெயர்கள். அவற்றுள் தம் பெயரை விரலால் தடவிக் காட்டினார்.

2004-இல் கழகம் கடனில் மூழ்கி, ஆடும் உரிமத்தையே இழக்கும் நிலை வந்ததாம். அந்நாட்டில் இரத்த தானம் செய்வோர்க்குச் சிறு தொகை வழங்குவதுண்டு. இரசிகர்கள் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்து, அத்தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தனர். ஆயினும் அடுத்த ஆண்டு கழகம் நான்காம் பிரிவுக்கே சரிந்தது. பின்னர், சிதைந்து புல் முளைத்த படிக்கட்டுகளைப் புதுப்பித்தாலன்றி அங்கே ஆட முடியாது என்ற நிலை ஏற்பட்டது. கையில் பணமில்லை. 2008 கோடையில் இரசிகர்களே மண்வெட்டியோடு வந்தனர். கட்டட வேலை அறிந்தோர் சிலர் வழிநடத்த, அறியாதோர் கல் சுமந்தனர், கலவை குழைத்தனர். மாணவர், ஓய்வுபெற்றோர், வேலையற்றோர், விடுமுறை எடுத்து வந்தோர் என 2,000-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் ஊதியமின்றி உழைத்தனர். 2009 ஜூலையில் திடல் திறக்கப்பட்டது. நம் முதியவரும் அந்தக் கோடை விடுமுறையைக் கடற்கரையில் கழிக்காமல், இங்கே கம்பி வளைத்துக் கழித்தாராம். "என் மனைவி ஒரு மாதம் பேசவில்லை" என்றார். இப்போது அவ்வம்மையார்தாம் படிக்கட்டில் நமக்கு இடம் பிடித்து வைத்திருந்தவர்.

2011-இல் திடலின் உரிமையையே பங்குகளாக்கி, ஒரு பங்கு 500 யூரோ என்று உறுப்பினர்களுக்கு மட்டும் விற்றார்கள். ஒருவர் பத்துக்கு மேல் வாங்கலாகாது. 4,000-க்கும் மேற்பட்டோர் வாங்கினர். 2014 உலகக் கோப்பையின்போது திடலையே கூடமாக்கி, வீட்டிலிருந்து சோபாக்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட சோபாக்கள் புல்தரையில் வரிசையிட்டன. சொந்த ஆட்டக்காரரைப் பழித்துச் சீட்டியடிப்பதில்லை, இறுதி ஊதல் ஒலிக்குமுன் எழுந்து போவதில்லை என்பவை அங்கே எழுதாத சட்டங்கள். (திருவிருந்து முடிந்ததும் வாயிலை நோக்கி நழுவும் நம் பங்கு மக்கள் இவ்வரியை மறுமுறை படிப்பார்களாக!)

நெஞ்சை உருக்கியது இன்னொன்று. 2019-இல் கழகம் முதன்முறையாக நாட்டின் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. ஆகஸ்டு 18 அன்று நடந்த முதல் ஆட்டத்துக்கு வந்தவர்களுள் பலர், இந்நாளைக் காணாமல் மறைந்துபோன தம் தந்தையின், தாயின், நண்பரின் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொணர்ந்து உயர்த்திப் பிடித்தனர். நானூறுக்கும் மேற்பட்ட முகங்கள்! அன்றைய ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் தோற்றனர் என்பதை முதியவர் ஒரு சிறு செய்தியைப் போலச் சொல்லிவிட்டு நகர்ந்தார். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியோடு நிற்கும் நம்மவருக்கு அப்படங்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நம் மொழியில் கோயிலைச் சார்ந்த சமூகத்தையும் பங்கு என்கிறோம். ஒருவர் இடும் முதலையும், அவர்க்குரிய பாகத்தையும் பங்கு என்கிறோம். முப்பது ஆண்டுகளாகப் 'பங்குத்தந்தை' என்று கையொப்பமிட்டு வரும் நாம், அச்சொல்லின் மறுபொருளை அந்தத் தலைக்கவசத்தின் அடியில் நின்றுதான் எண்ணிப் பார்த்தோம். நம் கடலோரப் பங்கில், வெளிநாட்டு அன்பர் ஒருவரின் கொடையால் இளைஞர்க்கென நாமே திடல் அமைத்தோம். டிராக்டர் வைத்து நிலத்தைச் சமன் செய்ததும் நாம். பந்து, சீருடை, கோல் கம்பம் வாங்கியதும் நாம். போட்டி நாளைக் குறித்ததும் நாம். நடுவரைக் கொணர்ந்ததும் நாம். இரண்டு ஆண்டு கூட்டம் வந்தது. பிறகு ஆடுகள் மேய்ந்தன. "நன்றி கெட்ட தலைமுறை" என்று பீடத்தருகே நின்று கண்டித்ததும் நாமேதாம். அத்திடலின் வாயிலிலும் ஒரு கல் உண்டு. அதில் இரண்டே பெயர்கள்: கொடையாளர் பெயர் ஒன்று, அடுத்தது நம் பெயர்.

எல்லாம் நலமே என்று எழுதிவிடவும் மனம் ஒப்பவில்லை. சிறிய கழகம் பெரிதாகிவிட்டது. 2023-இல் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்களோடு மோதும் தகுதி பெற்று, மாட்ரிட் வரை சென்று ஆடியது. அப்போட்டியின் உள்ளூர் ஆட்டங்களை வனத்திடலில் நடத்த இயலாமல், 1936 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பேரரங்குக்குப் போக நேர்ந்தது. பாட்டு மாலைக்கும் இப்போது நுழைவுச்சீட்டு வேண்டும். கல் சுமந்தவரின் பேரனுக்கு இடம் கிடைக்குமா என்பது அங்கே உண்மையான கவலை. 89 பேராய் இருந்தபோது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. 28,500 பேரில்? நாம் கேட்டபோது முதியவர் தோளைக் குலுக்கினார்.

2020 ஜனவரியில் ஊர் திரும்பிய நாம், இளைஞரைக் கூட்டி, திடலின் பொருளறைச் சாவியை அவர்களிடமே ஒப்படைத்தோம். முதற் கூட்டத்திலேயே நாம் குறித்திருந்த போட்டி நாளை மாற்றினர். பெண்பிள்ளைகளுக்கும் ஓர் அணி வேண்டும் என்று பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள். நமக்கு அது தோன்றியதே இல்லை. மார்ச்சில் கொள்ளைநோய் வந்து எல்லாம் நின்றுபோயிற்று. ஆடுகள் மீண்டும் மேய்ந்தன. நோய் தணிந்தபின், ஒரு சனிக்கிழமை மாலை மீன்வலைக் கயிற்றால் கோல் வலை பின்னிக்கொண்டு அவர்களாகவே வந்தனர். தாய்மார் சிலர் திண்ணையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தனர். துருப்பிடித்த கம்பங்களைச் சுரண்டி மஞ்சளும் கறுப்புமாக வர்ணம் பூசியிருக்கிறார்கள். நம்மைக் கேட்டிருந்தால் வெள்ளை என்றிருப்போம். கேட்கவில்லை.