முதலில் ஒயரை இழு

அம்பத்தூருக்குச் சைக்கிள் சொந்தச் சரக்கு. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த ஊர் ஆலையில் உருவாகி ஊர் ஊராகப் போனவை. இங்கே தெருவோரம் கடை போட்டிருக்கும் மூத்த மெக்கானிக்குகள் கியர் இல்லாத அந்த வண்டிகளில் கை பழகியவர்கள். ரிம் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது, ஓவராயில் பண்ணுவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியபோது யாரும் இவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. கழற்றிப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் போனேன்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு தார்ப்பாய், அதன்கீழ் கடை. கிளையிலிருந்து தொங்கும் கயிற்றில் சீட்டை மாட்டினால் வண்டி அந்தரத்தில் நிற்கும். பெடலைக் கையால் சுற்றலாம். பெரியவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. உதவிக்கு அக்கா மகன்.

ஓர் அம்மாவும் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “கட கடன்னு சத்தம் வருதுண்ணா. மூணாவது கியர் போட்டா அதுவா நாலுக்குப் போயிடுது. இவங்க அப்பாவும் வீட்ல ஸ்க்ரூவெல்லாம் திருகிப் பார்த்துட்டாரு.”

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. பையனிடம் கேட்டார்: “வண்டி கீழ விழுந்துச்சா தம்பி? எந்தப் பக்கம்?”

ஸ்கூல் ஸ்டாண்டில் வரிசையாகச் சரிந்ததாம். வலப்பக்கம்.

அடுத்து அவர் செய்ததை வீட்டில் எவரும் செய்து பார்க்கலாம். கியரைச் சின்னப் பல்லில் விட்டுவிட்டு ஒரு கையால் பெடலைச் சுற்றினார். மறுகையால், ஃப்ரேமை ஒட்டி வெளியே தெரியும் கியர் ஒயரை விரலால் இழுத்தார். செயின் ஒவ்வொரு பல்லாக ஏறி மேலே போனது. விட்டதும் மளமளவென்று இறங்கியது. கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரைத் தொடாமலே, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லரைத் தனியாகச் சோதிக்கும் வழி இது. இழுத்தால் ஏறி, விட்டால் உடனே இறங்கினால் ஸ்ப்ரிங்கும் மூட்டுகளும் நன்றாக இருக்கின்றன. ஏறிவிட்டு இறங்கச் சோம்பினால், ஒயர் நுழைந்து போகும் அவுட்டருக்குள் துருவோ சேறோ இருக்கிறது. மழையில் நனையும் வண்டிகளில் பாதிக் கோளாறு அங்கேதான் என்கிறார். புது ஒயரும் புது அவுட்டரும் போட்டால் தீர்ந்தது.

அப்புறம்தான் அப்பா திருகிய ஸ்க்ரூக்களுக்கு வந்தார். டெரெய்லரில் எச், எல் என்று எழுத்துப் போட்ட இரண்டு. “இது ரெண்டும் வயலுக்கு வரப்பு மாதிரி. எச் சின்னப் பல்லுப் பக்கம், எல் பெரிய பல்லுப் பக்கம். செயின் வெளிய போகாம தடுக்கும், அவ்வளவுதான். நடுவுல மூணு, நாலு சரியில்லன்னா இதைத் திருகி என்ன ஆகப்போகுது?” எல் ஸ்க்ரூவைத் தளர்த்தி வைப்பது ஆபத்தும்கூட. செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுந்தால் ஓடும் வண்டியில் சக்கரம் இறுகிக்கொள்ளும்.

நடுக் கியர்கள் ஒயரின் இழுப்பை நம்பி இருக்கின்றன. முன்பெல்லாம் கியர் நெம்புகோலை ஓட்டுபவரே காதால் கேட்டு நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துவார். ஜப்பானின் ஷிமானோ 1984-இல் டியூரா ஏஸ் வரிசையில் கொண்டுவந்த முறையில் அந்த வேலையை ஷிஃப்டரே எடுத்துக்கொண்டது. ஒரு ‘கிளிக்’குக்கு இவ்வளவு ஒயர் என்று கணக்கு. ஏழு கியர் வண்டியில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மில்லிமீட்டர்தான். ஒயர் கொஞ்சம் தளர்ந்தாலும் செயின் இரண்டு பல்லுக்கும் நடுவே தவிக்கும். அதற்குத்தான் ஒயர் நுழையும் இடத்தில் உருளையாக ஓர் அட்ஜஸ்டர் இருக்கிறது. பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் அதை வெளியே வரும்படி அரைச் சுற்று, ஒயர் இறுகும். சின்னப் பல்லுக்கு இறங்க மறுத்தால் உள்ளே அரைச் சுற்று. சுற்றிவிட்டுப் பெடலைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

பையனின் வண்டிக்கு அதுவும் போதவில்லை. பெரியவர் பின்னால் குந்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பல்சக்கரமும் டெரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். இங்கே கீழ்ச் சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. வண்டி விழுந்தால் ஃப்ரேம் தப்பட்டும் என்று வேண்டுமென்றே மென்மையான அலுமினியத்தில் செய்து வைக்கும் துண்டு அது.

இதை நிமிர்த்தத் தனிக் கருவி விற்கிறார்கள். அவரிடம் இல்லை. டெரெய்லரைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பழைய கியர் வண்டியின் பின்சக்கரத்தை எடுத்தார். ஆக்சிலின் நட்டைக் கழற்றி, அந்த முனையை ஹேங்கரின் ஓட்டையில் வைத்துத் திருகினார். மரை மரையாக உள்ளே போனது. இரண்டுக்கும் ஒரே மரை, 10 மில்லிமீட்டர் குறுக்களவு, 1 மில்லிமீட்டர் இடைவெளி. இப்போது வண்டியின் சக்கரமும் பழைய சக்கரமும் அக்கம்பக்கமாக நின்றன. ஹேங்கரில் கண்ணுக்குத் தப்பும் சாய்வு, அவ்வளவு பெரிய ரிம்மில் பளிச்சென்று தெரிந்தது. மேலே இடைவெளி அகலம், கீழே குறுகல். ரிம்மைப் பிடித்து மூச்சை அடக்கி மெல்ல நெம்பினார், விரலை வைத்து அளந்தார், மறுபடி நெம்பினார். மேலே, கீழே, முன்னே, பின்னே நான்கு இடத்திலும் இடைவெளி ஒன்றானதும் விட்டுவிட்டார். “அலுமினியம் ஒரு தடவ தாங்கும். திரும்பத் திரும்ப நிமிர்த்துனா விட்டுடும். அப்ப புதுசுதான்.”

இந்த யோசனையை வேறு ஊர் மெக்கானிக்குகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில் மரைகளை ஒப்பிட்டுப் பார்த்துத் தானே கண்டது. பொறியியல் என்று நான் மதிப்பது இதைத்தான்.

இதற்கிடையில் அக்கா மகன் இன்னொரு வண்டியின் அவுட்டரை வெட்டி நீட்டினான். எங்கேயோ கியர் ஒயருக்குப் பிரேக் அவுட்டரைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்ப்ரிங் போலச் சுருண்டு ஓடும். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நேராக, நெருக்கமாக அடுக்கியிருக்கும். சுருள் அழுத்தத்தில் சுருங்குவதால் கியர் கணக்குத் தவறும். வெட்டுவாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பங்க்சர் ஒட்டிய பிறகு கியர் கெட்டால் அது வேறு கதை. விலை குறைந்த வண்டிகளில் டெரெய்லர் தகடு ஆக்சில் நட்டோடு சேர்ந்து இறுகுவது. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது தகடு கோணியிருக்கும். மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டிக் குதித்தால் தேய்மானம். ஸ்கேலை வைத்து அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டிய செயின் பகுதி பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றியாக வேண்டும்.

“என்ன பார்ட்டுண்ணா மாத்துனீங்க?” அம்மா பர்ஸைத் திறந்தபடி கேட்டார்.

“எதுவும் மாத்தலம்மா.”

அந்த அம்மாவின் கை பர்ஸிலேயே நின்றது. பெரியவரும் கூலியைச் சொல்லத் தயங்கினார். சாமான் மாற்றினால் அதன் விலையோடு கூலியும் கேள்வியின்றி வந்துவிடுகிறது. சாமானைக் காப்பாற்றிக் கொடுத்தவர் கூலி கேட்கக் கூச்சப்படுகிறார். இது எனக்கு ஆறவேயில்லை. டெரெய்லரையே மாற்றச் சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு மடங்கு லாபம். கடைசியில் ஒரு பங்க்சருக்கு வாங்குவதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கேட்டார். அம்மா மறுபேச்சின்றிக் கொடுத்தார். பிறகு, “வீட்ல நாங்களே பாக்கிற மாதிரி இவனுக்குச் சொல்லிக் குடுங்கண்ணா” என்றார்.

பெரியவர் அட்ஜஸ்டரை வேண்டுமென்றே உள்ளே திருகிக் கெடுத்துவிட்டுப் பையனிடம் பெடலைக் கொடுத்தார். “சத்தம் கேக்குதா? ஏற மாட்டேங்குதா, இறங்க மாட்டேங்குதா? அதைச் சொல்லு முதல்ல.”

“ஏற மாட்டேங்குது தாத்தா.”

“அப்ப எந்தப் பக்கம் திருகணும்?”