உங்கள எப்படி மேடம் வேலை வாங்கறது?

எனக்கு 46 வயது. பி.காம். முடித்தது 2000ல். 2007ல் வாட் வந்தபோதும் 2017ல் ஜிஎஸ்டி வந்தபோதும் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையின் கணக்கு மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். போன வருடம் ஓனர் பட்டறையை மூடிவிட்டார். அவருக்கு 71 ஆகிவிட்டது, பையன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அதற்கப்புறம் எட்டு மாதம் வேலை தேடினேன்.

நம்ம ஊரில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் வயதை ஒளித்து வைப்பதில்லை. பேருந்தில் போகும்போது கடைக்கதவுகளைப் பாருங்கள். ‘பெண்கள் தேவை, வயது 18 முதல் 30 வரை’ என்று ஏ4 தாளில் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். அதே தாளில் ஒரு சாதியின் பெயரைப் போட்டு ‘இவர்கள் வேண்டாம்’ என்று எழுதினால் ஊரே கேள்வி கேட்கும். வயதைப் போட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கும்தான் 40 வயது வரை அது கண்ணில் பட்டதே இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு 25, 26 இருக்கும். உங்களுக்கும் பட்டிருக்காது.

என் ஓரகத்தி பையன் ஐ.டி.யில் இருக்கிறான். ரெஸ்யூமேயைப் பார்த்ததுமே சொன்னான்: “பெரிம்மா, பாஸ் பண்ண வருஷத்த எடுத்துடுங்க. முதல் பத்து வருஷத்தையும் தூக்கிருங்க.” தூக்கினேன். முன்பு இரண்டு மாதம் அமைதியாக இருந்த போன், மூன்று வாரத்தில் நான்கு முறை அடித்தது. ரெஸ்யூமேயில் வயதை மறைக்கலாம். நேரில் போனால் முகத்தை என்ன செய்வது?

ஒரு இடத்தில் வரவேற்பறைப் பெண் “ஆன்ட்டி, உக்காருங்க” என்றாள். அப்போதே பாதி தெரிந்துவிட்டது. இன்னொரு இடத்தில், “உங்க அனுபவத்துக்கு நாங்க குடுக்கறது கட்டாதுங்க” என்றார்கள். என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். “அது வேண்டாம் விடுங்க மேடம்.” கட்டுமா கட்டாதா என்று கணக்குப் போடுவதுதான் என் தொழிலே. அதைக்கூட எனக்காக அவர்களே போட்டு முடித்துவிட்டார்கள்.

நான் யோசித்துக்கொண்டே இருப்பது மூன்றாவது இடத்தைப் பற்றித்தான். அவினாசி ரோட்டில் ஒரு நிறுவனம். மேனேஜருக்கு முப்பது, முப்பத்தொன்று இருக்கும். மரியாதையான பையன். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றான். பழைய மாதத்து ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஒரு குழப்பத்தைக் காட்டி எங்கே தவறு என்று கேட்டான். பத்து நிமிடத்தில் காட்டிவிட்டேன். அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இங்க டீம் ஃபுல்லா சின்னப் பசங்க. உங்கள எப்படி மேடம் வேலை வாங்கறது? அம்மா மாதிரி இருக்கீங்க.”

கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். அவன் பொய் சொல்லவில்லை. தமிழில் மூத்தவரை நீ என்று சொல்ல வராது. ‘இதை இன்னிக்கே முடி’ என்பதை ‘முடிச்சுக் குடுத்திருங்களேன்’ என்று நீட்ட வேண்டும். தப்பைச் சுட்டிக்காட்ட ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். மூத்தவர்களுக்குக் காட்டச் சொல்லி நாம் வளர்த்த மரியாதை, அந்த மேசையில் என்னை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணமாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் ஒன்று கேட்டேன்.

“உங்க ஆடிட்டருக்கு என்ன வயசு தம்பி?”

“அறுபது தாண்டியிருக்கும்ங்க.”

“அவர்கிட்ட எப்படி வேலை வாங்கறீங்க?”

“அவர் ஆடிட்டருங்க மேடம்.”

மேலே இருப்பவருக்கு வயதானால் அது அனுபவம். கீழே வந்து உட்கார நினைப்பவருக்கு, அதுவும் பெண்ணுக்கு, வயதானால் அது சங்கடம். உள்ளே இருப்பவர்கள் கதையே வேறு. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58லிருந்து 2020ல் 59 ஆனது, 2021ல் 60 ஆனது. அதை நான் குறை சொல்லவில்லை. 60 வரை உழைக்க முடியும் என்று அரசே ஒத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

வழக்குப் போடலாமா என்று எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். அரசியலமைப்பின் 15, 16ஆம் பிரிவுகளில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்றெல்லாம் பட்டியல் உண்டு, வயது கிடையாது. வேலை விஷயத்தில் அவை கட்டுப்படுத்துவதும் அரசைத்தான், அவினாசி ரோட்டு நிறுவனத்தை இல்லை. 2025 வரை இருந்த 1976ன் சம ஊதியச் சட்டம், ஆளெடுக்கும்போது பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்றது. அதிலும் வயதைப் பற்றிப் பேச்சு இருந்ததில்லை. அமெரிக்காவில் 40ம் அதற்கு மேலும் வயதானவர்களைக் காக்க 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். இங்கே 1981ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 35 வயதில் ஓய்வு, இல்லையென்றால் முதல் கர்ப்பத்தோடு வீட்டுக்கு என்று அவர்களுக்கு விதி இருந்தது. கர்ப்ப விதியை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை மட்டும் விட்டுவைத்தது. அவர்களாவது உள்ளே இருந்தவர்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் எந்தக் கதவைத் தட்டுவது?

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி பயந்தார். “கோயம்புத்தூரு சின்ன ஊரு. ஆடிட்டருங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். வம்பு புடிச்ச பொம்பளைன்னு பேராயிட்டா அப்புறம் எவன் கூப்புடுவான்?” இதில் நியாயம் இருக்கிறது. எதிர்த்துக் கேளுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். வேலை தேவைப்படுகிறவள்தானே கேட்டாக வேண்டும், அவளுக்குத்தானே வேலையும் போகும்.

இருந்தாலும் கடைகளில் நிற்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க நின்றுகொண்டேதான் சேலை காட்ட வேண்டும் என்பதும் ஒரு காலத்தில் யாருக்கும் உறுத்தாத வழக்கமாகத்தான் இருந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு அதைக் கேள்வி கேட்டது. கேரளத்தில் 2018ல் உட்காரும் உரிமை சட்டமானது, 2021ல் தமிழ்நாட்டிலும் வந்தது. சட்டம் வந்த பிறகு அந்தப் பெண்கள் கேட்கவில்லை. கேட்டதால் வந்த சட்டம் அது.

அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். விளம்பரத்தில் இல்லாத வயது வரம்பு நேர்காணலில் எங்கிருந்து வந்தது, என் வேலையில் என்ன குறை என்று இரண்டே கேள்வி. உங்கள் விவரங்களை வருங்காலத் தேவைக்காக வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலில்லை. என் பெயர் கெட்டதா என்றால், இதுவரை தெரியவில்லை.

இப்போது மூன்று கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். 11ஆம் தேதி, 20ஆம் தேதி என்று மாதம் ஓடுகிறது. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, பழைய சம்பளத்தில் பாதி. அதில் ஒன்று ஜவுளிக்கடை. போன வாரம் அந்த அண்ணன், “கவுன்டருக்கு ஒரு புள்ள வேணும்ங்க. சின்ன வயசா பாத்துச் சொல்லுங்க” என்றார்.

“சேல எடுத்துப் போடறதுக்கு எதுக்குங்ணா வயசு?”

“வர்றவங்களுக்குப் புடிக்கணுமில்லீங்க.”

அவர் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரிகள். அதைச் சொன்னேன். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள், 41 வயது, முன்பு எட்டு வருடம் ஜவுளிக்கடையில் நின்றவள். திங்கட்கிழமை காலை அனுப்புகிறேன், வேலையை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.